பழைய ஜிப்ஸியில் ஜிம்னி சக்கரம்: அளவெடுப்பதிலிருந்து மறுமுறுக்கு வரை முழுமையான வழிகாட்டி

மாருதியின் பழைய ஜீப்பான ஜிப்ஸியை வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான்: அதே கம்பெனியின் புது வண்டியான ஜிம்னியின் வீல் அப்படியே ஏறுமா? ஏறும். ஆனால் ஏறுவது வேறு, உரசாமல், உதறாமல், நட்டு தளராமல் ஓடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை வரிசை மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். முதலில் சக்கரத்தை வாங்குகிறார்கள், அப்புறம் டயர் போடுகிறார்கள், கடைசியில் அளவெடுக்கிறார்கள். அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை இது.

2023-இல் ஐந்து கதவு ஜிம்னி வந்ததிலிருந்து, அதை வாங்கிய பலர் பெரிய டயருக்கு மாறி, கம்பெனி சக்கரங்களை விற்கிறார்கள். அதிகம் ஓடாத 15 அங்குல சக்கரம் டயரோடு கிடைப்பதால் ஜிப்ஸிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. நான் ஜிப்ஸி கிங்கை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு பழைய ஜீப்புக்கு வேறு வண்டியின் சக்கரம் போட நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான், எண்கள் மட்டும் மாறும்.

1. சக்கரத்தைப் பார்க்கப் போகும் முன் வண்டியைப் பாருங்கள்

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் தொடர்ந்தால் கிங்பின், அதாவது ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன் சக்கரம் திரும்பும் அச்சு. இரண்டில் எது தளர்ந்திருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

புதுச் சக்கரம் பழையதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றாலும் பேரிங்குக்கும் கிங்பின்னுக்கும் பளு கூடும். இதுவரை அமைதியாக இருந்த ஆட்டம், அப்போது மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறலாக வெளியே வரும். "ஜிம்னி வீல் போட்டதிலிருந்து வண்டி உதறுது" என்று சொல்லப்படும் புகார்களில் பல உண்மையில் கிங்பின் புகார்கள்.

அடுத்து ஸ்டட், அதாவது சக்கர நட்டு ஏறும் மரைக் கம்பி. வட சென்னையில் திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பக்கம் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு இது மிக முக்கியம். கடற்காற்று ஸ்டட் மரையைத் தின்கிறது. நட்டு மூடியிருக்கும் பகுதி நன்றாகவே இருக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிதான் துருப்பிடித்திருக்கும். நட்டு உட்காரும் இடத்தில் ரிம்மின் தடிமன் மாறினால் நட்டு பிடிக்கும் இடமும் மாறும் என்பதால் மரை முழு நீளத்துக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, நட்டைக் கையால் அடிவரை சுற்றிப் பாருங்கள். வழியில் இறுகி நின்றால் அந்த ஸ்டட்டை மாற்றிவிடுங்கள். ஸ்டட்டின் விலை அற்பம், அது வழியில் அறுந்தால் ஆகும் செலவு அப்படியல்ல.

2. கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் அல்லது நல்ல இரும்பு ஸ்கேல், ரிம்மின் குறுக்கே வைக்க நேரான சட்டம் ஒன்று (ஓரம் நேராக இருக்கும் அலுமினியக் குழாய் போதும்), ஜாக்கி, வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கக் கட்டைகள், கம்பி பிரஷ், சாக்பீஸ், டார்க் ரென்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்).

டார்க் ரென்ச் தவிர மற்றதெல்லாம் எளிதில் கிடைக்கும். அதையும் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையின் கடைசிப் படி அது இல்லாமல் நடக்காது. காரணம் 8ஆம் பகுதியில்.

3. பி.சி.டி.: ஐந்து ஓட்டை என்பது போதாது

ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம்தான் பி.சி.டி. ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் ஐந்து ஸ்டட், 139.7 மில்லிமீட்டர். இன்னோவாவுக்கும் ஐந்துதான், ஆனால் 114.3. ஃபார்ச்சூனருக்கு 139.7, ஆனால் ஆறு ஸ்டட். எண்ணிக்கை, விட்டம் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

ஐந்து ஓட்டையில் எதிரெதிர் ஓட்டை இல்லாததால் விட்டத்தை நேராக அளக்க முடியாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை அளந்து கணக்கிட வேண்டும். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். அதை 1.701-ஆல் பெருக்குங்கள். 139.7 பி.சி.டி.க்கு இந்தத் தூரம் சுமார் 82.1 மில்லிமீட்டர் வரும். 114.3-க்கு 67.2. கடையில் நின்றுகொண்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. 139.7 மில்லிமீட்டர் என்றால் 5.5 அங்குலம். ஜிம்னி ரிம்மின் அகலமும் 5.5 அங்குலம்தான். "ஃபைவ் பாயின்ட் ஃபைவ்" என்று விற்பவர் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிம் அகலத்தைச் சொன்னதை பி.சி.டி. என்று நினைத்து வாங்கி வந்தவர்கள் உண்டு.

4. நடு ஓட்டை

பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிம்மின் நடு ஓட்டை அதற்கு வழிவிட வேண்டும். ஜிம்னி ரிம்மில் இது 108 மில்லிமீட்டர் என்பதால் ஜிப்ஸியில் பிரச்சினை இல்லை. வெளியே விற்கும் வேறு அலாய்களில் பி.சி.டி. சரியாக இருந்தும் நடு ஓட்டை சிறியதாக இருக்கும். பின்னால் ஏறும், முன்னால் ஏறாது. அதனால்தான் எந்தச் சக்கரத்தையும் முதலில் முன் ஹப்பில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

"லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெருசாக்கிடலாம்" என்று சொல்வார்கள். இரும்பு ரிம்மிலும் சரி, அலாயிலும் சரி, நடுப்பகுதியைக் கடைந்து மெலிதாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பளு முழுவதும் வந்து சேரும் இடம் அது.

ஜிம்னியின் நடு மூடியை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். நீட்டியிருக்கும் ஹப் மேல் அதை அழுத்திப் பொருத்தப் பார்த்தால் உடையும்.

5. ஆஃப்செட்: எல்லா உரசலும் இங்கிருந்துதான்

பி.சி.டி. தவறினால் சக்கரம் ஏறவே ஏறாது. தவறு உடனே தெரிந்துவிடும். ஆஃப்செட் தவறினால் சக்கரம் ஏறும், ஓடும், பத்தாவது நாள் டயரின் உள்பக்கம் கிழிந்திருக்கும். அதனால் இந்தப் பகுதியில் நேரம் செலவிடுங்கள்.

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக இருந்தால் கூட்டல். சக்கரம் வண்டிக்குள் போகும். முகம் உள்பக்கமாக இருந்தால் கழித்தல். சக்கரம் வெளியே வரும். ஜிம்னியின் கம்பெனி ரிம் 15 அங்குலம், 5.5 அங்குல அகலம் (5.5ஜே என்று எழுதுவார்கள்), ஆஃப்செட் கூட்டல் 5.

உங்கள் ஜிப்ஸியில் இப்போது இருக்கும் ரிம்மின் ஆஃப்செட்டை யாரிடமும் கேட்காதீர்கள். பழைய வண்டி பல கை மாறியிருக்கும். எந்தக் காலத்தில் யார் எந்த ரிம்மைப் போட்டார்கள் என்று தெரியாது. அளந்துவிடுங்கள். டயர் இல்லாத ரிம்மைக் கவிழ்த்து, உள்பக்க விளிம்பின் குறுக்கே நேரான சட்டத்தை வையுங்கள். சட்டத்திலிருந்து ஹப் முகம் வரை உள்ள ஆழத்தை அளங்கள். இதுதான் பின்னிடைவு. அடுத்து ரிம்மின் மொத்த அகலத்தை, விளிம்போடு விளிம்பு, அளந்து பாதியாக்குங்கள். பின்னிடைவிலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் ஆஃப்செட்.

உதாரணமாக மொத்த அகலம் 165 மில்லிமீட்டர், பின்னிடைவு 87.5 என்றால், 87.5-இலிருந்து 82.5 போக கூட்டல் 5. ரிம்மின் மேல் எழுதியிருக்கும் 5.5 அங்குலம் டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்பின் கனத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடும். அந்த 5.5-ஐ மொத்த அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் தவறிவிடும்.

பழையதும் புதியதும் ஒரே அகலம் என்றால் வேலை இன்னும் சுலபம்: இரண்டின் பின்னிடைவையும் அளந்து கழித்தாலே போதும். பழையதில் 100, புதியதில் 87.5 என்று வந்தால் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 12.5 மில்லிமீட்டர் வெளியே வரும்.

அகலமான ரிம் போட நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்க வேண்டும். 5.5ஜே, கூட்டல் 5 இருந்த இடத்தில் 7ஜே, பூஜ்யம் ஆஃப்செட் போட்டால், உள்விளிம்பு 14 மில்லிமீட்டர் உள்ளே போகும், வெளிவிளிம்பு 24 மில்லிமீட்டர் வெளியே வரும். உள்ளே போன 14 மில்லிமீட்டர் முன் ஸ்பிரிங் பட்டையோடு சண்டை போடும். வெளியே வந்த 24 மழையில் கதவு முழுக்கச் சேற்றை வீசும், பேரிங்கையும் வாட்டும்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். ஸ்டட் மேல் வெறுமனே மாட்டும் தட்டு ஸ்பேசர் நட்டு பிடிக்கும் மரையைத் திருடிக்கொள்கிறது. அதைப் போடாமல் ஓட முடியாத சக்கரம் உங்கள் வண்டிக்கான சக்கரம் இல்லை.

6. வாங்கும்போது

ஐந்து வாங்குங்கள், நான்கு வேண்டாம். ஜிப்ஸியின் நான்கு சக்கர இயக்கத்தில் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்து, பஞ்சரான நாளில் அதை மாட்டிக்கொண்டு மணலில் நான்கு சக்கர இயக்கம் போட்டால் கியர்களும் ஷாஃப்டும் அந்த வித்தியாசத்தைச் சுமக்கும்.

ஜிம்னியில் ஸீட்டா ரகத்தில் இரும்பு ரிம், ஆல்ஃபாவில் அலாய். என் ஓட்டு இரும்புக்குத்தான். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட சாலையில் தினமும் போகிற வண்டிக்கு, பள்ளத்தில் விழுந்தால் வளைகிற இரும்பு நல்லது. அதைத் தட்டி நிமிர்த்த முடியும். அலாய் வெடித்தால் அதோடு முடிந்தது. ஆனால் கடற்காற்றில் இரும்பு ரிம்முக்குப் பெயின்ட் பராமரிப்பு வேண்டும் என்பதும் உண்மை.

ரிம்மைத் தரையில் உருட்டிப் பாருங்கள், தத்தளித்தால் வளைவு. அலாயில் உள்பக்கம், கைகள் வட்டத்தோடு சேரும் இடம், நட்டு ஓட்டைகளைச் சுற்றி, மூன்றிலும் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெல்டிங் வைத்த அலாயை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

டயரோடு வாங்கினால் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது.

சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் வாங்குவதென்றால் உங்கள் ஜிப்ஸியிலேயே போங்கள். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி, பார்க்கும் ரிம்மை அங்கேயே வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

7. நட்டு: சின்னப் பொருள், பெரிய தவறு

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, மரை. மாருதிக்கு எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்), 1.25 பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு நடுவில் 1.25 மில்லிமீட்டர்). டொயோட்டா, ஹூண்டாய்க்கு எம்12, 1.5 பிட்ச். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்து அழுத்தினால் மரை அழிந்து "நல்லா டைட் ஆயிடுச்சு" என்று தோன்றும். எந்த நட்டையும் முதல் ஐந்தாறு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத நட்டு தவறான நட்டு, அல்லது கோணலாக ஏறும் நட்டு.

இரண்டு, உட்காரும் முகம். ரிம்மின் ஓட்டை கூம்பாக இருந்தால் நட்டும் கூம்பு, உருண்டையாக இருந்தால் உருண்டை, தட்டையாக இருந்தால் வாஷர் வைத்த நட்டு. சக்கரத்தோடு அதன் நட்டுகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். முகம் பொருந்தாத நட்டு ஒரு வளையக் கோட்டில் மட்டும் தொடும். கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும்.

மூன்று, பிடிக்கும் நீளம். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை நட்டுக்குள் இருக்க வேண்டும். எம்12-க்கு 12 மில்லிமீட்டர், அதாவது 1.25 பிட்சில் பத்துச் சுற்று. அலாயின் நட்டு பிடிக்கும் பகுதி இரும்பைவிடத் தடிமன் என்பதால், இரும்பு ரிம்மிலிருந்து அலாய்க்கு மாறும்போது கட்டாயம் எண்ணுங்கள். குறைந்தால் நீளமான ஸ்டட் போட வேண்டும்.

பழைய வில்லீஸ் வகை ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். வழக்கமான திசையில் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகி ஸ்டட் முறியும்.

8. மாட்டும் வரிசை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கு அடியில், ஸ்பிரிங் பட்டைக்கு அருகில் வையுங்கள். டிஃபரென்ஷியல் உருண்டைக்கு அடியில் வைத்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். நட்டுகளை ஜாக்கி தூக்கும் முன்பே கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் வண்டி ஆடும்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்தையும் பின் டிரம் முகத்தையும் கம்பி பிரஷால் பளிச்சென்று தேயுங்கள். நம் பக்கத்துக் காற்றில் அங்கே துருச் செதில் நிச்சயம் இருக்கும். செதில் மேல் ரிம்மை வைத்து முறுக்கினால் அப்போது இறுக்கமாகவே தெரியும். வண்டி ஓட ஓடச் செதில் நொறுங்கும், அதன் கனம் அளவுக்கு நட்டு தளரும். இரும்பு ரிம்முக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் இதே கதைதான். பெயின்டரிடம் கொடுக்கும்போதே ஹப் முகத்தையும் நட்டு உட்காரும் கூம்பையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

ரிம்மும் ஹப்பும் ஒட்டிப் பிடிக்காமலிருக்க, ஹப் முகத்தில் கிரீஸை மிக மெல்லிசாகத் தடவலாம். ஸ்டட்டிலும் நட்டின் கூம்பிலும் தடவாதீர்கள். அங்கே வழுக்கல் கூடினால் ரென்ச் காட்டும் அளவைவிட அதிகமாக ஸ்டட் இழுபடும்.

முதலில் டயர் இல்லாத வெறும் ரிம்மை முன் ஹப்பில் வைத்து, நட்டுகளைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். பிரேக் காலிப்பருக்கும் ரிம்மின் உள்சுவருக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். டயரோடு வாங்கியவர்களும் ஒன்றையாவது கழற்றி இதைப் பார்ப்பது நல்லது. பேலன்சிங்கில் உள்ளே ஒட்டும் ஈயத்துண்டுக்கும் இடம் வேண்டும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெறும் ரிம் சுகமாகச் சுற்றி, பேலன்ஸ் செய்து வந்த பிறகு டக் டக் என்று சத்தம் கேட்டால் அது காலிப்பரில் தட்டும் ஈயம்.

சரி, இப்போது டயரோடு மாட்டலாம். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே நட்டுகளை விரலால் ஏற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரையும் வரிசையில் ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள். சக்கரம் நடுவில் உட்காருவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு நட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணி உட்காரும். பிறகு இறக்கி, அதே வரிசையில் டார்க் ரென்சால் இரண்டு சுற்றாக முடியுங்கள்.

எவ்வளவு முறுக்குவது? இந்த விட்டமுள்ள ஸ்டட்டுகளுக்குப் பொதுவாக 80 முதல் 100 நியூட்டன் மீட்டருக்குள். உங்கள் வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைவான அளவு இருந்தால் கையேடு சொல்வதே கணக்கு, ஏனெனில் ஸ்டட் ஜிப்ஸியுடையது.

இந்த எண் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அரை மீட்டர் ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையை வைத்தாலே 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் 340-ஐத் தாண்டும். ஜி.என்.டி. சாலை ஓரத்திலும் மணலியிலும் இருக்கும் டயர் கடைகள் நாள் முழுக்க லாரி, டிரெய்லர் வேலை பார்ப்பவை. அவர்களின் ஏர் கன் லாரி நட்டுக்கானது. அவர்கள் திறமையில் குறையில்லை. ஜிப்ஸியின் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு அந்தக் கருவி ஒத்துவராது, அவ்வளவுதான். பஞ்சர் போடப் போனாலும் "அண்ணே, கன் வேணாம், கையால போடுங்க, கடைசி டைட் நான் வெச்சுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

9. உரசல் சோதனை

தெருவில் நேராக நிற்கும் வண்டியில் உரசல் தெரியாது. மூன்று நிலையில் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயரின் உள்தோளுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் விரல் போகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு முன் சக்கரத்தை மட்டும் நடைபாதை உயரத்துக்கு ஏற்றி, அந்தப் பக்கம் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மட்கார்டைப் பாருங்கள். கடைசியாக, ஏற்றிய நிலையிலேயே ஸ்டியரிங்கை ஒடியுங்கள். உரசல் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் பிடிபடும். டயரின் தோளில் சாக்பீஸ் பூசிவிட்டால், எங்கே தொட்டதோ அங்கே வெள்ளை ஒட்டியிருக்கும்.

ஸ்பிரிங் பட்டையில் லேசாகத் தொட்டால் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். திருப்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும். ராயபுரம், தண்டையார்பேட்டை சந்துகளில் ஓட்டுபவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பிரேக் ஹோஸைத் தொட்டால் சமாதானமே கிடையாது. அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள்.

10. பேலன்சிங், அலைன்மென்ட், காற்று

பேலன்சிங் கடைக்குப் போகும் முன் 108 மில்லிமீட்டர் நடு ஓட்டைக்கான பெரிய கூம்பு இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். கார் கூம்பை வைத்துச் சமாளித்தால் சக்கரம் மெஷினில் நடுவாக உட்காராது. திரையில் பூஜ்யம் காட்டும், சாலையில் உதறும்.

ஜிப்ஸியின் முன் ஆக்சில் ஒரே கட்டை. அலைன்மென்டில் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும். கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) திருத்தியதாகப் பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

காற்றுக்கு ஜிம்னியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஜிப்ஸி அதைவிட எடை குறைந்த வண்டி. ஜிப்ஸிக்குச் சொல்லப்பட்ட அளவில் தொடங்கி, டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு நேரான சாலையில் சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

11. ஸ்பீடோமீட்டர்

ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். ஜிம்னியின் 195/80 ஆர்15-க்கு 693. வண்டி 12.5 மில்லிமீட்டர் உயரும். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 83 போய்க்கொண்டிருப்பீர்கள். இது சமாளிக்கக்கூடிய அளவு. அதே ரிம்மில் 235/75 ஆர்15 போட ஆசைப்படுபவர்கள் கவனியுங்கள்: விட்டம் 733, கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதல். மீட்டர் 80-இல் உண்மை வேகம் 88. 1.3 லிட்டர் இன்ஜின் மேட்டில் திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும். தவிர, அந்த டயர் 5.5 அங்குல ரிம்முக்கு அகலம் அதிகம்.

12. காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 15 ஆண்டு கடந்த ஜிப்ஸிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வு உண்டு. எனவே வாங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சக்கரம் மட்கார்டை மீறி வெளியே நீட்டினால் ஆய்வாளரின் கண் முதலில் அங்கேதான் போகும். பழைய ஐந்தையும் உடனே விற்றுவிடாதீர்கள். ஒப்புக்கொள்ள மறுத்தால் திரும்ப மாட்ட அவை வேண்டும்.

13. முதல் நூறு கிலோமீட்டர்

மாட்டிய அன்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங் இறுக்கமோ பிரேக் உரசலோ இருக்கிறது.

50 கிலோமீட்டரில் ஒருமுறை, 100-இல் ஒருமுறை எல்லா நட்டுகளையும் டார்க் ரென்சால் சரிபாருங்கள். சக்கரம் சூடு ஆறிய பிறகு செய்யுங்கள். 50-இல் கொஞ்சம் நகர்ந்தால் கவலை வேண்டாம், ரிம் உட்கார்ந்திருக்கிறது. 100-இலும் அதே நட்டு நகர்ந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ஹப் முகத்தில் துரு மிச்சமிருக்கிறதா, கூம்பில் பெயின்ட் இருக்கிறதா, ஸ்டட் இழுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். மேலும் மேலும் முறுக்கிக்கொண்டே போகக் கூடாது.

வியாசர்பாடி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் ஹப் முங்கும் அளவு தண்ணீரில் போக நேர்ந்தால், அந்த வாரத்திலேயே முன் பேரிங் கிரீஸைத் திறந்து பாருங்கள். கிரீஸ் வெளுத்து மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சுத்தமாகக் கழுவி, புது கிரீஸும் புது சீலும் போட்டு, அப்போதும் நட்டுகளை அதே நட்சத்திர வரிசையில், அதே அளவில் முறுக்குங்கள்.